பீடத்துக்கு அடியில் சந்தனம்

ஃபெலிக்ஸ் என்னைக் கூப்பிட்ட விதமே சரியில்லை. வழக்கமாக ஷெட்டின் அந்தக் கோடியிலிருந்து "உஷாம்மா" என்று ஒரு குரல் கொடுப்பார். எங்கள் பட்டறைப் பேட்டை, பாலாநகர் முழுக்கக் கேட்கும். அன்றைக்கு ஆபீஸ் அறை வாசலில் வந்து நின்று, கொஞ்சம் உள்ளே வாங்க என்று மெதுவாகச் சொன்னார். போனேன். சோதனை அறைக் கதவைச் சாத்திவிட்டு உள்ளங்கையை விரித்துக் காட்டினார். காய்ந்த சந்தனம், ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு வில்லையாக, நடுவில் குங்குமப் பொட்டோடு இருந்தது.

"மெஷின் பீடத்துக்கு அடியில இருந்துச்சும்மா" என்றார்.

எனக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. அப்புறம் ஓடியது.

எங்களுடையது ஹீட் ட்ரீட்மென்ட் ஷெட். மற்ற பட்டறைகள் செய்து அனுப்பும் இரும்புச் சாமான்களை உலையில் பழுக்கக் காய்ச்சி, எண்ணெயில் முக்கிக் கடினமாக்கி, மறுபடி அளவாகச் சூடேற்றி அந்தக் கடினத்தைக் கொஞ்சம் இறக்கிப் பதப்படுத்திக் கொடுப்போம். பதம்தான் எல்லாம். கடினம் குறைந்தால் சாமான் தேய்ந்துபோகும், கூடினால் வளையாமல் படக்கென்று முறியும். அதைப் பார்க்க ஒரு மெஷின் இருக்கிறது. சின்னப் பீடத்தின் மேல் சாமானை வைத்து வைர முனையால் அழுத்தினால், டயலில் எண் காட்டும். அந்தப் பீடத்துக்கு அடியில் சந்தனம் காய்ந்திருந்தால், அழுத்தும்போது அதுவும் சேர்ந்து நசுங்கும். டயல் கடினத்தைக் குறைத்துக் காட்டும். பதம் வந்துவிட்டதென்று நாம் சாமானை வெளியே எடுத்துவிடுவோம். உண்மையில் கடினம் இன்னும் இறங்கியிருக்காது.

முந்தின நாள் அப்படி எடுத்து அனுப்பியது லிஃப்ட் பின்கள். லிஃப்டின் கயிறு அறுந்தால், பக்கத்து இரும்புப் பாதையைக் கவ்விக்கொண்டு பெட்டியை நிறுத்துகிற பிரேக் ஒன்று உண்டு. அந்தப் பிரேக்கில் இருக்கிற பின். அது முறிந்தால் பெட்டியும் அதற்குள் நிற்கிறவர்களும் நேராகக் கீழே.

சந்தனம் அங்கே எப்படிப் போனது என்று ஃபெலிக்ஸ் என்னைக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லை. ஆயுத பூஜை என்றால் என் வீட்டுக்காரர் குமரவேலுக்குத் தலைகால் புரியாது. கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பட்டறைக் குடும்பம். பிறந்த ஊரை விட்டு இந்தத் தெலுங்கு நாட்டுக்கு வந்து இருபது வருஷமாகியும் அந்த ஒரு விஷயத்தில் இம்மி விட்டுக்கொடுக்க மாட்டார். உலை, மோட்டார், தராசு, கால்குலேட்டர், என் ஸ்டேப்ளர் வரைக்கும் பொட்டு உண்டு. இந்த வருஷம் பக்தி கொஞ்சம் முற்றிப்போய், சோதனை மெஷினின் பீடத்தைக் கழற்றிக் கழுவி, அது உட்காரும் குழியிலும் ஒரு பொட்டு வைத்துத் திருப்பி மாட்டியிருக்கிறார். வெளியே மட்டும் வைத்தால் சாமிக்குத் தெரியாமல் போய்விடும் பாருங்கள்.

அதோடு முடிந்திருந்தால்கூட ஃபெலிக்ஸ் கண்டுபிடித்திருப்பார். கடினம் இவ்வளவு என்று ஏற்கெனவே முத்திரை குத்திய ஓர் இரும்புத் துண்டு எங்களிடம் இருக்கிறது. மாஸ்டர் பிளாக் என்போம். தினமும் காலையில் முதலில் அதை வைத்துப் பார்த்து, மெஷின் சரியாகக் காட்டுகிறதா என்று தெரிந்துகொண்ட பிறகுதான் வேலை தொடங்கும். முந்தின நாள், விஜயதசமி அன்று, அந்த பிளாக், வெல்வெட் பெட்டியோடு, சரஸ்வதி படத்துக்கு முன்னால் மனைப்பலகையில் இருந்தது. காலைப் பூஜை முடிந்ததும் மெஷின் ஓட்டலாம், ஆனால் பலகையில் வைத்ததைச் சாயங்கால விளக்கு வைத்த பிறகுதான் எடுக்கலாம் என்பது இவர்கள் வீட்டு வழக்கம்.

ஃபெலிக்ஸ் கேட்டார். நான் பக்கத்தில் சுண்டல் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். "சார், பிளாக்க மட்டும் எடுத்துக்கவா?" என்று கேட்டார். நேற்று முன்தினம் வரைக்கும் சரியாகத்தானே இருந்தது, ஒரு நாளில் என்ன கெட்டுவிடும், சாயங்காலம் எடுத்துக்கொள்ளலாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். தசரா என்று தெலுங்கு ஆட்கள் ஒருவரும் வேலைக்கு வரவில்லை. நமக்கோ விஜயதசமி அன்று நல்ல நேரத்தில் தொழிலைத் தொடங்கியாக வேண்டும். இவர் உலையைப் பார்த்துக்கொள்ள, ஃபெலிக்ஸ் சோதிக்க, இரண்டு பேருமாக ஒரே ஒரு லோடு போட்டார்கள். ராசியான லோடு என்று இவரே வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், சனத்நகரில் இருக்கும் லிஃப்ட் கம்பெனி வாசலில் இறக்கிவிட்டும் வந்தார்.

இப்போது வில்லையைத் திருப்பிக் குழியில் போட்டு பிளாக்கை வைத்துப் பார்த்ததில் டயல் நான்கு எண் கீழே நின்றது. வில்லையை எடுத்துவிட்டு வைத்தால் சரியாகக் காட்டியது. ஃபெலிக்ஸ் இரண்டையும் என் கண் முன்னால் செய்து காட்டினார்.

இது எந்த நாளில் நடந்தாலும் கஷ்டம்தான். ஆனால் அன்றைக்கு அந்த லிஃப்ட் கம்பெனியின் தர மேலாளர் அனுபமா எங்கள் ஷெட்டுக்கு வருவதாக இருந்தார். மூன்று வருஷத்துக்கு அவர்களுடைய எல்லாப் பின்களும் எங்களுக்கே என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட. அதை நம்பி போவன்பள்ளியில் இருக்கும் எங்கள் வீட்டை பேங்கில் அடமானம் வைத்துவிட்டோம். அந்தப் பணத்தில் வாங்கிய புது உலை, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் ஷெட்டின் நடுவில் நின்றுகொண்டிருந்தது. ஒப்பந்தம் இருந்தால் தவணை கட்டலாம். இல்லையென்றால் வீடு போய்விடும். இதில் ஊகம் எதுவும் இல்லை, கணக்குப் போட்டவள் நான்.

என் வீட்டுக்காரர் வந்ததும் ஃபெலிக்ஸ் அதே உள்ளங்கையை அவரிடமும் விரித்தார். இவர் முகம் சுருங்கிப்போனது. குழியைத் தொட்டுப் பார்த்தார். டயலைப் பார்த்தார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

ஒன்று சொல்லியாக வேண்டும். குமரவேல் காலையில் எழுந்ததும் பல் தேய்க்கிறாரோ இல்லையோ, எங்கள் ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு போட்டுவிடுவார். பணத்தை எப்படிச் சேர்க்க வேண்டும், எப்படிச் சேர்க்கக் கூடாது, நல்லவனாக இருந்துகொண்டே நன்றாக வாழ்வது எப்படி என்று தினம் ஒரு சின்னப் பிரசங்கம். பெரியவர்கள் சொன்னது, புத்தகத்தில் படித்தது, அவராகவே யோசித்தது எல்லாம் அதில் கலந்திருக்கும். இருநூறு பேர் கும்பிடு போடுவார்கள். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. சொல்வதற்குச் செலவு கிடையாது, அதனால்தான் எல்லோரும் சொல்கிறார்கள் என்று அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன்.

பின்களைத் திருப்பி வாங்கிவிட முடியாதா என்று கேட்டேன். ஃபெலிக்ஸ் அந்தக் கம்பெனி ஸ்டோரில் வேலை செய்யும் பழக்கக்காரருக்கு போன் போட்டார். காலை முதல் ஷிப்டிலேயே பின்களை பிரேக்கில் மாட்டியாயிற்றாம். பழைய பின்களோடு கலந்துவிட்டதால் எது எது என்று தெரியாதாம். மத்தியானம் லாரி கிளம்புகிறதாம், கரீம்நகரில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு. ஆக, சத்தமில்லாமல் மாற்றிக்கொண்டு வர வழியே இல்லை. சொன்னால் எல்லா பிரேக்கையும் பிரிக்க வேண்டும், ஊருக்கே தெரியும். சொல்லாவிட்டால் லாரி போய்விடும்.

நான் வீட்டை நினைத்தேன். மறைக்க என்ன இருக்கிறது, சமையலறை ஜன்னலைத்தான் நினைத்தேன். இவர் என்னைப் பார்க்கவே இல்லை. போனை எடுத்து அனுபமாவைக் கூப்பிட்டார். மேடம், லாரியை நிறுத்துங்க, நேற்று நாங்க கொடுத்த பின் எதுவும் நம்பிக்கை இல்லை, எங்கள் சோதனை மெஷின் தப்பாகக் காட்டியிருக்கிறது என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருக்க வேண்டும். ஆமாங்க, எல்லாத்தையும் பிரிச்சே ஆகணுங்க என்றார்.

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அறையவும் வேண்டும் போல இருந்தது. இரண்டும் செய்யாமல் டீ வாங்கிவரச் சொன்னேன்.

அதற்குப் பிறகு காத்திருந்ததுதான் கொடுமை. ஷெட்டில் ஆட்கள் வேலையை நிறுத்தவில்லை, ஆனால் ஆபீஸ் அறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்ல சேதியை வேண்டுமானால் மூடி வைக்கலாம், கெட்ட சேதியை மூட முடியாது. போன் ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் மூன்று பேரும் திரும்பிப் பார்த்தோம். ஒரு தடவை கியாஸ் சிலிண்டர்க்காரர். ஒரு தடவை பேங்க். முதல் தவணை தேதியை ஞாபகப்படுத்தினார்கள். கடைசியில் ஸ்டோரிலிருந்து ஃபெலிக்ஸின் பழக்கக்காரர் பேசினார். லாரியிலிருந்து எல்லாவற்றையும் இறக்கிவிட்டார்கள், ஒன்றுகூட வெளியே போகவில்லை. ஃபெலிக்ஸ் சிலுவை போட்டுக்கொண்டார். என் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இனிமேல் என்ன ஆனாலும் சரி, பெரிய பாவத்திலிருந்து தப்பித்தோம் என்றார். முகத்தில் கொஞ்சம் தெம்புகூட வந்துவிட்டது. எனக்கும்தான்.

அனுபமா சொன்ன நேரத்துக்கே வந்தார். மதுரைக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும், அதிகம் பேசமாட்டார். திட்டப்போகிறார் என்று நாங்கள் நின்றோம். அவர் திட்டவில்லை. இத்தனை வருஷத்தில் தானாக போன் செய்து தன் சரக்கை நிறுத்தச் சொன்ன ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். இவர் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்த தலையில் பெருமை இருந்தது, எனக்குத் தெரியாதா?

ஆபீஸ் அறையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தார். நான், இவர், ஃபெலிக்ஸ், மூன்று பேரும் எதிரில். நடந்ததை அறிக்கையாக அனுப்ப வேண்டும், அதில் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சார், நான் வெளிப்படையாவே சொல்லிர்றேன். நீங்க போன் பண்ணிருக்கீங்க, அதனால சொல்றேன். ஒரு ஆளோட கவனக்குறைவுன்னு எழுதினா, அந்த ஆள எடுத்துட்டு வேற ஆள் போட்டுட்டோம்னு ஒரு வரி போதும். கான்ட்ராக்ட் இன்னைக்கே போட்டுரலாம். நிர்வாகத்தோட தப்புன்னு எழுதினா, ஒரு வருஷம் லிஸ்ட்ல இருந்து எடுத்துருவாங்க. அதுக்கு மேல என் கையில ஒண்ணும் இல்ல."

யார் சோதித்தது என்று கேட்டார். சர்டிபிகேட்டில் ஃபெலிக்ஸின் கையெழுத்து இருந்தது. அவர்தானே சோதிப்பவர்.

அறை சட்டென்று சின்னதாகிவிட்டது. ஃபெலிக்ஸுக்கு ஐம்பத்திரண்டு வயது. லாலாகுடா ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த குடும்பம், மூன்று தலைமுறையாக இந்த ஊர். நாங்கள் ஷெட் போட்ட நாளிலிருந்து எங்களோடுதான் இருக்கிறார். லிஃப்ட் பிரேக்கைக் கோட்டைவிட்டவர் என்று பெயர் விழுந்தால், பாலாநகரில் எந்தப் பட்டறையிலும் ஒரு மெஷினைத் தொட விடமாட்டார்கள். அந்தப் பெயர் டீக்கடை வழியாகச் சாயங்காலத்துக்குள் சுற்றி வந்துவிடும்.

ஃபெலிக்ஸ் இவரைப் பார்த்தார். இவர் மேசையைப் பார்த்தார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் புது உலை நின்றது.

நான் இவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். காலையில் ஒரே மூச்சில் சொன்ன மனிதர்தானே. அப்போது மெஷின் தப்பாகக் காட்டியது என்றார். அது சுலபம், மெஷினுக்கு மானம் போகாது. இப்போது ஒரே ஒரு சொல்தான் மிச்சம், நான் என்ற சொல். வாய் திறந்தது. மூடிக்கொண்டது. தண்ணீர் குடித்தார். பாட்டிலின் மூடியை மெதுவாகத் திருகி மூடினார். மூடிய பிறகும் திருகிக்கொண்டே இருந்தார்.

ஃபெலிக்ஸ்தான் பேசினார். "மேடம், என் பேரே போட்டுக்கோங்க. நான்தான் பாக்காம விட்டேன். சார நக்கோ, வேணாம், அவருக்கு ஒண்ணும் தெரியாது."

அனுபமா என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அப்படியே எழுதட்டுமா சார் என்று கேட்டார். இவர் இல்லை என்று தலையாட்டவுமில்லை, ஆமாம் என்று ஆட்டவுமில்லை. அனுபமா கொஞ்சம் காத்திருந்து பார்த்துவிட்டு டைப் அடிக்க ஆரம்பித்தார்.

எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. நியாயம், தர்மம் என்றெல்லாம் நான் யோசித்தேன் என்று சொன்னால் பொய். கோபம்தான். அந்த வீட்டுச் சமையலறையில் நின்று இந்த மனிதருக்கு நான் காபி போட வேண்டும். கிறிஸ்துமஸுக்கு ஆரோக்கியமேரி, ஃபெலிக்ஸின் மனைவி, கேக் கொண்டுவந்து நீட்டினால் அதை வாங்கித் தட்டில் வைக்க வேண்டும். காலையில் இவர் போனைப் பிடித்துக்கொண்டு பணத்தைப் பற்றி உபதேசம் செய்யும்போது பக்கத்து அறையில் நான் படுத்திருக்க வேண்டும். முடியாது. வீடு போனால் வாடகைக்கு வேறு வீடு பார்க்கலாம். வேறு புருஷனுக்கு நான் எங்கே போவேன்?

"அந்தப் பேரை அழிச்சிருங்க மேடம்" என்றேன். "சந்தனம் வெச்சது இவருங்க. பிளாக்கை எடுக்க வேண்டாம்னு சொன்னதும் இவருங்க. ஃபெலிக்ஸ் கேட்டாரு. நான் பக்கத்துலதானுங்க நின்னுட்டிருந்தேன்."

அனுபமாவின் விரல்கள் நின்றன. ஃபெலிக்ஸ், அம்மா நக்கோம்மா என்று முனகினார். என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. ஒரு கணம் அதில் வெறும் ஆத்திரம்தான் இருந்தது. அப்புறம் தோள் இரண்டும் தளர்ந்தன.

"ஆமாங்க மேடம்" என்றார். "நான்தானுங்க."

அதற்குப் பிறகு தடையில்லாமல் வந்தது. பூஜை, பீடம், குழி, மனைப்பலகை, ஃபெலிக்ஸ் கேட்டது, தான் மறுத்தது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். அனுபமா அழித்துவிட்டு, சொன்னதை அப்படியே அடித்தார். எழுந்திருக்கும்போது என் கையை ஒரு முறை பிடித்துவிட்டுப் போனார். ஒப்பந்தத் தாள்கள் அவர் பைக்குள்ளேயே திரும்பிப் போயின.

ஃபெலிக்ஸுக்கு என் மேல்தான் கோபம். ஷெட் வாசலில் மடக்கிக்கொண்டார். "கைக்கும்மா, எதுக்கு இப்படி பண்ணீங்க? நான்தான் சொல்லிட்டேன்ல. என் ஒருத்தன் வேலையோட முடிஞ்சிருக்கும். இப்ப உங்க வீடு" என்று ஆரம்பித்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் வீட்டுக்காரர் பின்னாலேயே வந்து அவர் தோளில் கை வைக்கப் போனார். கை பாதி வழியில் நின்றுவிட்டது. ஃபெலிக்ஸ் அதைக் கவனித்தாரா தெரியாது. அடுத்த லோடு காத்திருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாளே பேங்குக்குப் பேசினோம். புது உலையை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, மீதிக்கு வீட்டை விற்பது என்று முடிவாயிற்று. ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல, அனுபமா வந்துபோன அன்று சாயங்காலம் நடந்தது. ஷெட்டைப் பூட்டிவிட்டு இரண்டு பேரும் காரில் வந்துகொண்டிருந்தோம். போவன்பள்ளி மார்க்கெட்டுக்குப் போகும் தக்காளி லாரிகள் வழியை அடைத்துக்கொண்டு நின்றன. இவர் எஞ்சினை அணைத்தார்.

"நானே சொல்லியிருப்பேன் உஷா" என்றார். "சொல்லத்தான் இருந்தேன். நீ கொஞ்சம் அவசரப்பட்டுட்டே."

அவர் என் பக்கம் திரும்பவில்லை. காலையில் லாரியை நிறுத்திய மனிதரும் அவர்தான். பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தவரும் அவர்தான். இன்னும் எத்தனையோ வருஷம் நான் இவரோடு இருந்தாக வேண்டும், இவரும் தன்னோடு இருந்தாக வேண்டும்.

"எனக்குத் தெரியாதாங்க?" என்றேன்.

அன்றைக்கு அவருக்காகச் சொல்லப்பட்ட இரண்டாவது பொய் அது.